தென்னையடி மாலுமி

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையில் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், அஸர் தொழுகை முடித்துக் கடற்கரைப் பக்கமாகக் காற்று வாங்கப் புறப்படும் எவரும், மணலில் ஏற்றிவைத்திருக்கும் தொழிலாளரின் படகுகளைத் தாண்டி, யாரோ ஒருவருடைய வேலிக்கு உட்புறத்தில், தென்னை மரத்தோடு சங்கிலியிட்டுப் பூட்டப்பெற்று, நீலத் தறப்பாள் போர்த்து, அடியில் கோழிகளுக்கு நிழலும் மேலே காய்ந்த ஓலைகளுக்கு இடமும் கொடுத்துக்கொண்டு வீற்றிருக்கும் ஒரு சிறு படகைக் காணாமல் வீடு திரும்புவதில்லை. அப்படகின் சொந்தக்காரரே இச்சித்திரத்தின் நாயகர்.

அவரைக் கடற்றொழிலாளர் என்று எண்ணிவிடலாகாது. அப்படி எண்ணினால் அவருடைய மனம் குளிரும்; ஆனால் கடற்றொழிலாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். நெடுங்காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்று, பின்னர் அதிபர் நாற்காலியில் அமர்ந்து, ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணிக்கொடையில் மக்காவுக்குப் போய்வந்து, மிகுந்த பணத்தை மகனுடைய கடைக்குக் கொடுப்பதா, மகளுடைய வீட்டுக்கு மேல்மாடி எழுப்புவதா என்று குடும்பத்தார் சபை கூட்டி ஆலோசித்துக்கொண்டிருந்த தருணத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் சாய்ந்தமருதுக்குப் போய்ப் படகோடு திரும்பிவந்தவர் அவர். கத்தாரிலிருந்து திரும்பியவர்களிலும், வங்கி உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்களிலும் இவருடைய சாதியார் உண்டு. எனினும் இக்கலை பூரணமாக வாய்த்திருப்பது அதிபர்மாருக்கே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், தாம் செய்யாத காரியத்தைப் பிறருக்கு விளக்கிச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு நிரம்ப உண்டு.

அவர் ஏன் படகு வாங்கினார் என்பதற்கு, மீன்மீது கொண்ட ஆசை என்று சொல்வது மேலோட்டமான விடை. இக்கடலோரத்தில் குடி தாய்வழியாக வருவது. பெண்ணுக்குக் கலியாணம் பேசுகையிலேயே வீடு சீதனமாக அவள் பெயருக்கு எழுதப்படுவது. மாப்பிள்ளை தம் துணிமணிகளோடு அவ்வீட்டுக்குக் குடிபோவது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இவ்வமைப்பை விரிவாக விளக்கியிருக்கிறார். இவ்வமைப்பின்படி நம் அதிபர் இருக்கும் வீடு மனைவியுடையது. வளவு மாமியார் காலத்து முதுசம். வயலின் பெரும்பகுதி மூத்த மகளோடு போயிற்று. மிஞ்சியது இளைய மகளோடு போகக் காத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளை மருமகன் எடுத்துக்கொண்டு போனால் மஃரிபுக்குத்தான் திரும்புவார். ஆகவே, கடற்றொழில் திணைக்களத்தில் பதிந்து, கல்முனைக் கடற்றொழில் மாவட்டத்துக்குரிய கே.எம்.என். என்ற எழுத்துக்களோடு முன்புறத்தில் இலக்கம் எழுதி, தம்முடையது என்று அவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய அசையும் சொத்து இந்த 18 அடிப் படகு ஒன்றுதான். அது அசைவது அரிது என்பது வேறு விஷயம்.

படகின் பூர்வீகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடு வீடாக மையித்துக்களை வைத்துச் சென்ற பிறகு, உலகத்தின் பல திசைகளிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் வந்து பைபர் படகுகளை வாரி வழங்கின. இலங்கை முழுவதிலும் சிறு படகுகள் தேவைக்கு மேலாகவே கொடுபட்டன என்றும், அவற்றிற் சில கடலுக்கே லாயக்கற்றவை என்றும் பின்னர் பேசப்பட்டது. அலையில் படகை இழந்தவன் ஒருவனுக்கு ஒன்றும் கிடையாதிருக்க, துடுப்பைத் தொட்டறியாத ஒருவருக்கு ஒன்று கிடைத்த விந்தையும் நிகழ்ந்தது. அவ்வாறு கிடைத்தவை கை மாறிக் கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒரு பூச்சு வர்ணத்தைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் நம் அதிபரைப் போன்ற நல்லவர்களிடம் வந்து சேர்கின்றன.

இனி, பராமரிப்பு. படகை வைத்திருப்பதென்பது பெரும்பாலும் கரையிலே நடைபெறும் ஒரு தொழில் என்பதை அவருடைய வளவில் ஒரு பகற்பொழுது இருந்து பார்த்தால் ஒழிய நம்புவதற்கில்லை. படகின் அடிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று தென்பட்டால், கண்ணாடி நாரை வெட்டிப் பரப்பி, றெசினில் ஹார்ட்னர் கலந்து பூசவேண்டும். கலக்க வேண்டிய அளவு நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வெயில் ஏறிய வேளையில் அதனினும் குறைவு. நம்மவரோ லுஹருக்கு முன் காரியத்தை முடித்துவிடும் அவசரத்தில் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டு, பேரப்பிள்ளைக்கு அதன் இரசாயனத்தை விளக்கத் தொடங்குகிறார். விளக்கம் பாதிக்கு வருமுன்பே தகரப்பேணி சூடேறிப் புகை கிளம்பி, உள்ளிருந்த திரவம் தூரிகையோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. இவ்விதம் தூரிகை நட்ட கற்கள் வேலியோரத்தில் வரிசையாக இருக்கின்றன. அவருடைய மனைவியார் அவற்றைப் பூச்சாடிகளுக்கு முட்டுக் கொடுக்க உபயோகிக்கிறார்.

இயந்திரத்தின் காலில் ஒரு சிறு துத்தநாகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். உப்புநீரில் அலுமினியம் அரிபடாமல், அதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்ந்துபோவதற்காகவே அமைந்த பரோபகாரி அது. அதைச் சுத்தமாகவும் வெறுமையாகவும் விடவேண்டும் என்பது ஒன்றுதான் சாஸ்திரம். அவர் அதற்கு மூன்று முறை பச்சை வர்ணம் பூசினார். துண்டு புத்தம்புதிதாக இன்றைக்கும் மினுங்குகிறது. அதைச் சுற்றியுள்ள கால்தான் அம்மைத் தழும்பு கொண்டிருக்கிறது. இப்படியே, நீருக்குள் சுழலும் விசிறி பாறையில் இடித்தால் முதலில் முறிந்து இயந்திரத்தைக் காப்பாற்றும்பொருட்டு மெதுவான உலோகத்தாற் செய்து வைக்கப்பட்ட சிற்றாணி முறிந்தபோது, இத்தனை பலவீனமான ஆணியையா வைப்பார்கள் என்று கம்பனிக்காரரை நொந்துகொண்டு, கட்டிடத்துக்கு அடிக்கும் உருக்கு ஆணி ஒன்றை வெட்டிச் செருகினார். அடுத்த முறை ஆணி முறியவில்லை, பற்சக்கரம் முறிந்தது. ஆணியின் உறுதியைப் பற்றி அவர் இன்றும் பெருமையாகவே பேசுகிறார்.

இவையெல்லாவற்றிலும் கண்கொள்ளாக் காட்சி, சனிக்கிழமை காலையில் நடைபெறும் இயந்திர ஸ்நானம். மதிலோரத்தில் நீல பரல் ஒன்றில் கிணற்று நீரை நிரப்பி, அதன் விளிம்பில் இயந்திரத்தை மாட்டி, உள்ளே படிந்த உப்பு கரையும்படி ஓடவிடுவது நல்ல வழக்கம். கடலுக்குப் போய்வந்த தொழிலாளரும் செய்வதுண்டு. நம்மவர் கடலுக்குப் போகாமலே செய்கிறார். பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பும் முறையை ஒரு சடங்கின் சுத்தத்தோடு அனுஷ்டிப்பார். கயிற்றை ஒரே இழுப்பு. பரலுக்குள் இயந்திரம் கர்ஜிக்கும். அயலிலுள்ள சிறுவர்கள் கூடுவார்கள். வளவு முழுவதும் புகை மண்டும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியபோது, அன்றாடம் கடலை நம்பியவர்கள் படகைக் கரையேற்றிவிட்டு வயிற்றைப் பிசைந்தார்கள். அதிபர் ஸ்நானத்தை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, தேசத்தின் நெருக்கடியில் தமக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொண்டார்.

கடலுக்குப் போவதே இல்லையா என்று கேட்பீர்கள். போவதுண்டு. ஆனால் அதற்கு எத்தனை விஷயங்கள் ஒத்துவரவேண்டும்! வெள்ளிக்கிழமை ஆகாது. வாடை வீசும் மாதங்கள் ஆகா. கச்சான் காற்று உறைக்கும் நாட்களில் தலையிடி. மிஞ்சிய நாட்களில் கலியாணம், கத்தம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் கூட்டம். இவை யாவும் இல்லாத ஓர் அதிகாலையில், சுபஹு தொழுதுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால், அலை உடைந்து விழும் திறந்த கரையில் படகைத் தள்ளி இறக்க எட்டுப்பேருடைய தோள் வேண்டும். கரைவலைக்கு வந்த பையன்களைப் பிளேன்டீயும் பணிசும் சொல்லிக் கூட்டிவர வேண்டும். அவர்களோடு வரும் கிழவர் ஒருவர், அதிபரிடம் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவர், வானத்தை ஒரு முறையும் படகை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "சேர், இண்டைக்குக் காத்து மாறும்போல இருக்கு. நாளைக்குப் பாப்பமே" என்று சொல்லிவிடுவார். காற்று மாறாது. ஆனால் அவருடைய கண் படகின் பின்புறத்து ஓட்டையில், பூட்டப்படாதிருக்கும் தக்கையின் இடத்தில், ஒரு கணம் நின்று மீண்டதை மற்றவர்கள் கவனித்திருப்பார்கள். தம் ஆசிரியரைச் சபையில் வெட்கப்படுத்தாத இந்த நாகரிகம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்பட்டதோ அறியேன்.

தப்பித்தவறி இறங்கிவிட்ட நாளில், இயந்திரம் பரலில் காட்டிய வீரத்தைக் கடலில் காட்டுவதில்லை. சுமையில்லாமல் ஓடிப் பழகிய அதற்கு, மூன்று மனிதரையும் ஒரு சோற்றுப் பார்சலையும் இழுக்கும்போது இருமல் வந்துவிடுகிறது. கரையிலிருந்து பள்ளிவாசல் மினாராவை அடையாளம் காணக்கூடிய தூரத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, தங்கூசியில் தூண்டிலைக் கட்டி இறக்கி, பாரைக்கும் அறக்குளாவுக்கும் உள்ள சுபாவ பேதத்தை அவர் விளக்குவார். இங்கிலாந்திலே ஐசக் வால்டன் என்ற வணிகர் 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தூண்டிற்கலையைச் சிந்தனையாளரின் பொழுதுபோக்கு என்று போற்றினார் என்பதையும் சொல்வார். வால்டன் ஆற்றங்கரையில் நின்று பிடித்தவர். குமட்டல் அவருக்கு இல்லை. இவருக்கு உண்டு. அது வரும்வரையில் பேச்சு ஒலுவிலுக்குப் போகும். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013ஆம் ஆண்டில் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் வந்து மூடுவதும், வடக்கே நிந்தவூர்ப் பக்கத்துக் கரையைக் கடல் அரிப்பதும் எதனால் என்று, மணலின் போக்கைக் கைவிரலால் நீரில் வரைந்து காட்டுவார். நியாயமாகச் சொன்னால், அந்த விளக்கத்தில் பிழை எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருந்ததில் இரை போனதுதான் பிழை.

திரும்பும் வழியில் சந்தைக்குப் பின்புறமாக ஒரு கோவை பாரை வாங்கி, ஓலைப்பட்டையில் இட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றது ஒருமுறை நடந்தது. கல்முனைக்குடியில் பிறந்த மனைவியார் மீனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது வலையில பட்ட மீன். செவுளுக்குப் பின்னால கண்ணி விழுந்த தடம் கிடக்கு. தூண்டில் மீனெண்டா வாய் கிழிஞ்சிருக்கணுமே" என்றார். அதற்குப் பிறகு அதிபர் வியாபாரியிடம் வாய் கிழிந்த மீனாகப் பார்த்துத் தரச்சொல்லிக் கேட்கிறார். வியாபாரி அதற்கு ஐம்பது ரூபாய் கூட்டி வாங்குகிறான். மனைவியார் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஆணத்தை வைத்து இறக்கிவிட்டு, முதல் துண்டை அவருடைய பீங்கானிலேயே வைக்கிறார்.

பிள்ளைகள் படகை விற்றுவிடச் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை, விலை கேட்டு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துத் தறப்பாளை நீக்கிக் காட்டுகிறார். உங்களில் யாருக்கேனும் வாங்கும் உத்தேசம் இருந்தால், ஒக்டோபர் கடைசியில், வாடை தொடங்குமுன் போய்ப் பேசுங்கள். மார்ச் மாதத்தில் கடல் தெளிந்துவிடும், அப்போது அவர் தரமாட்டார். இயந்திரத்தைப் பரலில் ஓட்டிக்காட்டினால் பாராட்டிவிட்டு, கடலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.