பெட்ரோல் காக்கும் தெய்வம்

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் எல்லாரும் அருவியில் போய் நிற்பார்கள். என் வண்டி மேலகரத்திலேயே நின்றுவிடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். நடுவில் இருக்கிறது மேலகரம். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் என்பதால் அங்கே நிற்பதில் ஒரு கௌரவம் உண்டுதான். ஆனால் ஆனி மாதம் முழுக்க அதே இடத்தில், சாரலில் நனைந்துகொண்டு கிக்கரை உதைக்கிறவனைப் பார்த்து யாரும் இலக்கிய ஆர்வலன் என்று நினைப்பதில்லை.

வண்டி 1998 மாடல். நூறு சிசி, நாலு ஸ்ட்ரோக். மாமனார் திருநெல்வேலியில் வாங்கி ஓட்டி, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என்னிடம் தந்தார். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். வண்டிக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. நம்பர் பிளேட் டிஎன் 72 என்று திருநெல்வேலிக்கே விசுவாசமாக இருக்கிறது. மாமனாரும் அப்படித்தான். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். செய்தவர்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை.

நானும் வண்டியைச் சும்மா போட்டு வைக்கிற ஆளில்லை. வாரம் ஒருமுறை துடைப்பேன். செயினுக்கு எண்ணெய் விடுவேன். சாரல் ஆரம்பித்ததும் சீட்டுக்கு ஒரு கவர், டேங்க் மூடிக்கு ஒரு கவர் என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவேன். மற்ற வருஷங்களில் காய்கறிக் கடைப் பைதான். இந்த வருஷம் மனைவிக்குப் பட்டுப்புடவை வந்த கவர், நல்ல கெட்டி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. நான் எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை.

வண்டி நிற்க ஆரம்பித்தபோது என் கை முதலில் போனது பெட்ரோல் காக்குக்கு. பழைய வண்டிக்காரர்களுக்கு இது விளக்க வேண்டாம். 2020-க்குப் பிறகு வண்டி வாங்கிய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிஎஸ் 6 வந்ததும் டேங்க்குக்குள்ளேயே பம்ப் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் டேங்க்குக்கு அடியில், இடது முழங்கால் பக்கம், ஒரு சின்னத் திருகு இருக்கும். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று மூன்று நிலை. இந்த ரிசர்வ் என்பது டேங்க்குக்குள் தனியாகப் பூட்டி வைத்த அறை என்று 20 வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. காக்கின் மேலே உள்ளே நீட்டிக்கொண்டு ஒரு குழாய் இருக்கிறது. ‘ஆன்’ அதன் உச்சி வழியாகக் குடிக்கிறது. ‘ரிசர்வ்’ அடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் குடிக்கிறது. பெட்ரோல் மட்டம் குழாய் உச்சிக்குக் கீழே இறங்கியதும் வண்டி இருமும். அதைத்தான் ‘ரிசர்வ் விழுந்துட்டு’ என்கிறோம்.

அப்படி விழும்போது வண்டியை நிறுத்தாமலே, பார்வையை ரோட்டில் வைத்து, இடது கையைத் தொடைக்கு அடியில் விட்டு, விரலால் தடவித் திருகி, அணையப்போகும் எஞ்சினை மீட்டு எடுப்பது ஒரு கலை. எங்கள் தலைமுறையில் நீச்சல் தெரியாதவன் உண்டு, இது தெரியாதவன் கிடையாது. பெட்ரோல் போட்ட பிறகு திருகைத் திரும்ப ஆனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கலையின் இரண்டாம் பாகம். அதை யாரும் படித்துத் தேறியதாகத் தெரியவில்லை.

மேலகரத்தில் நின்றதும் ஆனிலிருந்து ரிசர்வுக்குத் திருகினேன். அசையவில்லை. மூடியைத் திறந்து, வண்டியை ஒரு ஆட்டு ஆட்டி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டு உதைத்தால் ஒரே உதையில் கிளம்பியது. மூஞ்சியைப் பார்த்ததும் பயந்து ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு மெக்கானிக் கதையைப் பாதியிலேயே நிறுத்தினார். “எத்தனால், அண்ணாச்சி.” இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய வண்டி ரப்பர்களுக்கு அது ஆகாது என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. காக்கின் முகத்தில் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டை எடுத்து, திருகைப் பிடுங்கி, உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வில்லையை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு ரூபாய்க் காசு அளவு, அதில் நாலு ஓட்டை. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் ஊதி, பிதுங்கி, ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்தன. “பாத்தீளா, உளுந்து வட மாதிரி ஆயிட்டு” என்றார். புது ரப்பர் போட்டார். டியூபைப் பிடுங்கித் தண்ணீர் பாட்டிலில் விட்டுக் காட்டினார். பெட்ரோல் சரம் சரமாக இறங்கியது. நான் புடவைக் கவரைத் திரும்பக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மேலகரத்தில் நின்றேன்.

இரண்டாவது மெக்கானிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம். இவருக்கு எத்தனால் பெயரைக் கேட்டாலே சிரிப்பு. “தண்ணி இறங்கியிருக்கு சார்” என்றார். காக்குக்கு அடியில் இருக்கும் கப்பை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் ஊற்றினார். பெட்ரோல் சிலுசிலுவென்று ஆறிப் பறந்தது. நடுவில் பாதரசம் மாதிரி மூன்று முத்து உருண்டது. தண்ணீர்தான். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும், ரிசர்வில் வைத்தால் முதலில் அதுதான் எஞ்சினுக்குப் போகும் என்று விளக்கினார். அவர் சொன்னதும் மெய்தான். கப்பைக் கழுவி, சல்லடையை ஊதி, பாட்டில் சோதனை நடத்தி, கடைசியில் ஒரு புத்திமதியும் சொன்னார்: “சாரல் உள்ள போகாம மூடிக்கு மேல நல்லா இறுக்கிக் கட்டுங்க.”

இறுக்கிக் கட்டினேன். ரப்பர் பேண்ட் இரண்டாக மடித்துப் போட்டேன். வண்டி இப்போது மேலகரத்துக்கு முன்பும் நின்றது, பின்பும் நின்றது.

அடுத்து வந்தது பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் யோசனை. அவர் ரெவின்யூவில் ஓய்வு பெற்றவர், கோளாறு எதுவானாலும் மேல் அதிகாரியிடம் கொண்டுபோகச் சொல்வார். “ஏன் வே சில்லறையா செலவழிக்கீரு? மொத்தக் காக்கையும் மாத்தும்” என்றார். மூன்றாவது மெக்கானிக், பெரிய ஒர்க்‌ஷாப். டேங்க்கை இறக்கி, கழுவி, ஒரு டீஸ்பூன் துருவை வெள்ளைத் தாளில் கொட்டி எனக்குக் காட்டினார். 27 வருஷத் துரு, திருநீறு மாதிரி பொடியாக, செம்மண் நிறத்தில். பூசிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. புதுக் காக் போட்டு, பழையதைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். ஆபரேஷன் முடித்த டாக்டர் கல்லைக் காட்டுகிற மாதிரி. “டேங்க் ரொப்பி ஓட்டுங்க, இனி நிக்காது.”

டேங்க் ரொப்பினேன். ஊர் எல்லையே தாண்டவில்லை, நின்றது. இதுதான் எனக்குப் பெரிய மர்மமாக இருந்தது. பெட்ரோல் கொஞ்சமாக இருந்தால் மேலகரம் வரை போகிறது. நிறைய இருந்தால் தெருமுனையில் நின்றுவிடுகிறது. மனைவி, “உங்களை மாதிரிதான், வயிறு நிறைஞ்சா அசையாது” என்றாள்.

இந்த நிலைமையில் சென்னையிலிருந்து மச்சினன் வந்து இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மலை தெரியாத அளவுக்கு மேகம். குற்றாலம் போயே ஆக வேண்டும் என்றான். பின்னால் உட்காரவைத்துப் புறப்பட்டேன். முதல் தடவை நின்றபோது, “வண்டி சூடாயிட்டா மாமா?” என்றான். இரண்டாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை, வண்டியைத் தள்ளிக்கொண்டே, அப்பா இதை அவனுக்குத் தராமல் எனக்குத் தந்ததில் அவனுக்கு மனவருத்தம் இருந்ததாகவும் இப்போது தீர்ந்துவிட்டதாகவும் சொன்னான்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது. குளிக்கத் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தார். அருவிக்கே ஆஃப் போட்டுவிட்டார்கள். குளிக்க வந்த கூட்டம் முழுக்கத் தலையில் எண்ணெயோடு அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சினன் மனம் தளரவில்லை. தடை எந்த நேரத்திலும் விலகும் என்று சொல்லி மசாஜுக்கு உட்கார்ந்துவிட்டான். நான் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் டேங்க் மேல் ஒரு குரங்கு.

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றிக் கவிராயர் சொல்லாததை நான் சொல்லிவிட முடியாது. குறவஞ்சியில் மலைவளத்தைத் தொடங்கும்போதே அவர் குரங்குகளைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவர் காலத்தில் பாலித்தீன் கிடையாது. இந்தக் காலத்துக் குரங்குக்குக் கவர் என்று ஒன்று இருந்தால் உள்ளே தின்பதற்கு ஒன்று இருக்கிறது என்று பொருள். புடவைக் கவரை முகர்ந்தது. ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தது. பிறகு ஒரே கிழி. உள்ளே வெறும் மூடி. மூடியை இரண்டு தடவை தட்டியது, நக்கியது, மூஞ்சியைச் சுளித்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. கூலி என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் வாங்கிய மூன்று பேரைவிடக் குறைவு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மசாஜ்காரர் மச்சினன் முதுகிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, டேங்க் மூடியையா கட்டி வச்சிருந்தீய? அதுல காத்து ஓட்டை இருக்குமே.” பிறகு பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னை எடுத்துக் காட்டினார். மேலே ஆணியால் அடித்த இரண்டு ஓட்டை, எதிரும் புதிருமாக. ஒன்றை விரலால் பொத்திக் கவிழ்த்தார். மற்றதில் எண்ணெய் இரண்டு சொட்டு விழுந்து நின்றது. விரலை எடுத்தார். ஒழுகியது, மச்சினன் தலையில்.

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒவ்வொரு மாதமும் எண்ணெய் டின்னுக்கு மனைவி சொல்ல, இரண்டு ஓட்டை போட்டுக் கொடுக்கிறவன் நான்.

பெட்ரோல் ஒரு சாண் உயரத்திலிருந்து தன் கனத்தில்தான் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கிற காற்று மெலிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் பெட்ரோலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பாதி டேங்க்கில் நிறையக் காற்று இருப்பதால் மெலிய நேரமாகும், மேலகரம் வரை போகலாம். ரொப்பிய டேங்க்கில் காற்று ஒரு கைப்பிடிதான், தெருமுனையிலேயே இறுகிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் மக்டேபர்க் நகர மேயர் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்புக் கிண்ணங்களைச் சேர்த்து வைத்து, உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு பக்கமும் குதிரை பூட்டி இழுக்கச் சொன்னாராம், பிரிக்க முடியவில்லை. நான் ஒரு புடவைக் கவரில் அதையே செய்திருக்கிறேன். குதிரைக்குப் பதில் மச்சினன்.

மூன்று மெக்கானிக்குகளும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யோசித்தேன். மூன்று பேரும் முதல் வேலையாகக் கவரை அவிழ்த்து, மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். திறந்த மூடியோடு பாட்டில் சோதனை நடத்தினால் எந்தக் காக்தான் தேறாது? அவர்கள் கண்டெடுத்த ரப்பர், தண்ணீர், துரு மூன்றும் உண்மையானவை. பழைய வண்டியில் தேடினால் ஏதாவது கிடைக்காமல் போகாது. ஐம்பது வயதில் மாஸ்டர் செக்கப்புக்குப் போன மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் கவரைப் பத்திரமாகத் திரும்பக் கட்டியது மட்டும் நான்.

அதற்குப் பிறகு அன்றைக்கு வண்டி நிற்கவே இல்லை. தடை விலகாததால் ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்று, அங்கிருந்து செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா, திரும்பத் தென்காசி. மச்சினன் எண்ணெய்த் தலையோடு காற்றில் உட்கார்ந்து வந்து வீட்டில் எல்லாக் கதையையும் சொன்னான். திருநெல்வேலிக்குப் போனிலும் சொன்னான்.

ஒர்க்‌ஷாப்காரர் மறுநாள் வழியில் பார்த்து, “என்ன சார், நம்ம போட்ட காக் எப்படி?” என்றார். “அருமை” என்றேன். குரங்கு சரிசெய்தது என்று எந்த வாயால் சொல்ல?

ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை சாத்த வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் உளுந்து வாங்கப் புறப்பட்டேன். டேங்க் மூடி வெறும் தலையோடு சாரலில் நனைந்துகொண்டிருந்தது. அரை கிலோமீட்டர் போயிருப்பேன், வண்டி இருமியது. பதறவில்லை. மூடியில் கவர் இல்லை, காக் புதுசு, ஒரு வாரமாகப் பங்க் பக்கம் போகாததும் ஞாபகத்துக்கு வந்தது. இது ரிசர்வ் விழுகிற இருமல்தான். பார்வையை ரோட்டிலேயே வைத்து, இடது கையைத் தொடைக்கு அடியில் விட்டுத் தடவினேன்.

திருகு ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது.