மந்தகதி மீமாம்சை: பாறையேறும் பொம்மை லாரியைக் குறித்த ஒரு விசாரணை

சாஸ்திரம் ஒன்றை எழுதப் புகுவோர் அதன் விஷயம் இன்னது, அதைக் கற்பதற்குரிய அதிகாரி இன்னான், அதனால் விளையும் பிரயோஜனம் இன்னது என்பவற்றை முகப்பிலேயே உரைத்துவிட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த மரபாதலின், நாமும் அதற்குக் கட்டுப்படுகிறோம். விஷயமாவது, அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவினதும், ரேடியோ அலையால் எட்ட நின்று செலுத்தப்படுவதும், வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் மேலேயே ஏறி இறங்குவதுமாகிய, ராக் கிராலர் என்று வழங்கும் பொம்மை லாரி. அதிகாரியாவான், பாலப் பருவம் கடந்து நெடுநாளாகியும் அதன் சேஷம் நீங்காதவனாய், சொந்த வருமானம் உடையவனாய், வீட்டார் விலை கேட்கும் சமயத்தில் பேச்சை வேறு திசையில் திருப்பும் சாமர்த்தியம் வாய்க்கப்பெற்றவன். பிரயோஜனத்தைப் பற்றி மட்டும் அதிகாரிகளிடையே இன்னும் ஏகாபிப்பிராயம் ஏற்படவில்லை.

சக்கரம் உண்டான நாள்முதல் மனித ஜாதி அதன் வேகத்தைப் பெருக்குவதிலேயே கண்ணாயிருந்து வந்திருக்க, வேகத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு கூட்டம் புறப்பட்டு, அதற்காகப் பணத்தையும் இரவுத் தூக்கத்தையும் செலவிட்டு வருவது இக்காலத்து விநோதங்களுள் ஒன்று. மணிக்கு 100 மைல் பறக்கும் எக்ஸ்ஓ-1 என்ற பொம்மைக் காரைச் செய்த டிராக்ஸஸ் கம்பெனியாரே, 2017-ஆம் ஆண்டில் டிஆர்எக்ஸ்-4 என்ற பொம்மை லாரியை வெளியிட்டு, அதில் இரண்டு கியர் வைத்து, அவற்றுள் ஒன்றை மேலும் மெதுவாகப் போவதற்கென்றே ஒதுக்கினார்கள் என்றால், மந்தகதிக்கும் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு என்பது வெள்ளிடைமலை. மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே தலைகீழ் நியாயம்தான். பந்தயக் காருக்கு வைக்கும் மோட்டாரில் கம்பிச் சுற்றுகள் குறைவு, வேகம் மிகுதி. கிராலர்க்காரனோ 35, 45, 55 என்று சுற்று ஏற ஏற மகிழ்கிறான். அம்மோட்டாரும் கியர்களின் வழியே 30 முறைக்கு மேல் சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். இத்தனை ஏற்பாடும் செய்தபின் லாரி போகும் வேகம், சாவதானமாக உலாவப் போகிறவருடைய வேகமே.

இக்கலையின் ஆதி பீடம் அமெரிக்காவின் மேற்குப் பாகம். யூட்டா மாகாணத்து மோவாபில் உள்ள செம்மணற் பாறைகளிலும், கலிபோர்னியாவில் சியெரா நெவாடா மலையின் கருங்கற்களுக்கிடையே 22 மைல் செல்லும் ரூபிகன் தடத்திலும், அதே மாகாணத்து ஜான்சன் பள்ளத்தாக்கிலும் அசல் ஜீப்புகளை ஏற்றி இறக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அசல் ஜீப் உருண்டால் எலும்பும் இன்சூரன்ஸும் சேர்ந்து உடையும். பொம்மை உருண்டால் குனிந்து நிமிர்த்திவிடலாம் என்ற யுக்தி யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். ஜப்பான் தேசத்து டாமியா கம்பெனியார் 1987-இல் கிளாட் பஸ்டர் என்ற பெரிய சக்கர லாரி ஒன்றைச் செய்தனர். அதில் முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும் வசதி ஆகிய யாவும் இருந்தமையால், பிற்காலத்து ரசிகர்கள் அதன் மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அச்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு பாறை ஏறும் யந்திரங்களைக் கட்டினார்கள். 2009-இல் ஆக்ஸியல் கம்பெனியாரின் எஸ்சிஎக்ஸ்10 வந்தது. அசல் வண்டியின் சாயலோடு கூடிய கிராலரைக் கடையில் பெட்டியாகவே வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. பெட்டியில் வந்ததை அப்படியே ஓட்டுகிறவன் இச்சம்பிரதாயத்தில் சேர்த்தியல்ல என்பதும் அக்காலத்திலேயே ஸ்தாபிதமாயிற்று.

நிற்க. நிர்மாண காண்டத்தில் முதலாவது கவனிக்கத்தக்கது டிஃபரன்ஷியல். வீதியில் ஓடும் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல்வதற்கு வழி செய்யும் இவ்வுறுப்பு, பாறையின் மேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கத் தொடங்கியதும் பெருந்துரோகம் செய்துவிடும். சுழற்சி முழுவதையும் வேலையற்றுத் தொங்கும் சக்கரத்துக்கே கொடுத்துவிட்டு, கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் சக்கரத்தைப் பட்டினி போடும். ஆதலால் கிராலர் கட்டுவோர் அதைப் பூட்டிவிட்டு, இரு சக்கரமும் ஒன்றாகவே சுழல வேண்டும் என்று விதித்தார்கள். இதனால் சமதரையில் திரும்பும்போது டயர் தேய்ந்து முனகும். முனகட்டும், சமதரையில் ஓட்டுவதற்கா இதைக் கட்டினோம்?

மோட்டாரின் சிறு பல்சக்கரமாகிய பினியனையும் அதனோடு சேரும் பெரிய பல்சக்கரமாகிய ஸ்பரையும் பொருத்தும் கிரியை, காண்பதற்கு இனியது. நோட்டுப் புத்தகத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, இரண்டு சக்கரங்களின் பற்களுக்கு நடுவே அதை நுழைத்து, மோட்டாரை விரலால் அழுத்திப் பிடித்தபடி ஆணிகளை முடுக்கிவிட்டு, பிறகு ஸ்பரை உருட்டினால் தாள் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி மறுபுறம் வெளிவரும். மடிப்பு தெளிவாக விழுந்து தாள் கிழியாமலிருந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் நெருக்கம் அதிகம். மடிப்பே விழவில்லையென்றால் முதல் பாறையிலேயே பல் போகும். நுட்பமான கருவிகள் எத்தனையோ விற்கும் இக்காலத்திலும் இந்தக் காகிதப் பிரமாணத்தை விஞ்சிய பிரமாணம் இல்லை. உலோகத்தில் இறங்கும் ஆணிகளுக்கு, அவை தளராமல் பிடிக்கும் பசையாகிய நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு அவசியம்; பிளாஸ்டிக்கில் இறங்குபவற்றுக்கு அது கூடாது.

இனி வாத காண்டம். இச்சாஸ்திரத்தில் பித்தளை வாதிகள் என்று ஒரு பிரபல மதத்தார் உண்டு. லாரி செங்குத்தான சரிவில் ஏறும்போது பின்புறமாக மல்லாந்து விழுவதற்குக் காரணம், பாரம் உயரத்திலும் பின்னாலும் இருப்பதே. ஆகையால் பாரத்தைக் கீழேயும் முன்னேயும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் பக்ஷம். அதன்படி முன் அச்சின் மூடி, சக்கரம் திரும்பும் முட்டு, ரிம்மின் உள்வளையம் ஆகியவற்றையெல்லாம் பித்தளையில் வார்த்து மாட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் சமையலறைத் தராசு வெகுநாளாகச் சமையலறையில் இல்லை. லாரியின் முன் சக்கரங்களை அதன் மேல் வைத்து, பின் சக்கரங்களை அதே உயரமுள்ள புத்தகங்களின் மேல் நிறுத்தி, முன்னால் நூற்றுக்கு 60, பின்னால் 40 என்ற விகிதம் வந்ததா என்று பார்ப்பதற்கு அது தேவைப்படுகிறது.

இப்பக்ஷத்தைக் கணிதத்தால் பரிசோதிப்போம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 313 மில்லிமீட்டர் தூரமும், பாரமையம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு லாரியில், பாரம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டிருந்தால், அது ஏறத்தாழ 63 பாகைச் சரிவில் மல்லாரும். பித்தளை பூட்டி 60-க்கு 40 என்று ஆக்கினால் 67 பாகை வரை தாங்கும். விகிதத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் 60 மில்லிமீட்டராகத் தாழ்த்தினாலோ 69 பாகை. ஆக, முன்னே சேர்ப்பதைவிடக் கீழே இறக்குவதே மேல் என்பது ஒரு சித்தாந்தம். ஆனால் ஆசார்ய புருஷர்கள் எவரும் உரக்கச் சொல்லாத மற்றொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. வழவழப்பான சரிவில் 60 பாகை ஏற வேண்டுமானால் ரப்பருக்கும் கல்லுக்குமிடையே உராய்வுக் குணகம் 1.73 இருக்க வேண்டும். அது 1 என்ற அளவில் நின்றுவிட்டால் 45 பாகையிலேயே லாரி சறுக்கிக் கீழே வந்துவிடும். மல்லாரும் பாக்கியம்கூட அதற்குக் கிட்டாது. பிடிப்பே 45-இல் முடிந்துபோன வண்டிக்கு 63-ஐ 67 ஆக்கிக் கொடுப்பது, வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கு மாடியில் மெத்தை விரித்துவைப்பது போன்றது. படிபோல் நிற்கும் கல்லில் முன் சக்கரம் கடித்து ஏறுவதற்கு முன்பாரம் உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் புகழும் கிரயமும் அளவு கடந்தவை என்கிறோம்.

அப்படியானால் பிரதானம் எது? டயரும், டயருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும். கிராலர் டயரில் காற்று அடிப்பதில்லை. மென்மையான ரப்பர்க் கூட்டுக்குள் வளையமாக ஒரு ஸ்பாஞ்சு இருக்கும். ரிம்மில் சிறு துளை விட்டிருப்பார்கள். கல்லின் முனை டயரின்மேல் அழுந்தும்போது உள்ளிருக்கும் காற்று அத்துளை வழியே வெளியேற, ரப்பர் பள்ளமாகி முனையைக் கவ்விக்கொள்ளும். சக்கரம் நகர்ந்ததும் காற்று உள்ளே புகுந்து வடிவம் மீளும். லாரியை உள்ளங்கையில் ஏந்தி, கட்டை விரலால் டயரின் முகத்தை அழுத்திப் பார்த்தால் ஒரு சிறு மூச்சு விரலில் படும். ஸ்பாஞ்சு கடினமாயிருந்தால் டயர் கல்லின்மேல் உருளைபோல் வழுக்கும். அதிகமாக நெகிழ்ந்தால் பக்கச் சரிவில் ரப்பர் மடிந்து லாரி குப்புறக் கவிழும். உட்புறம் கடினமும் வெளிப்புறம் மென்மையுமாக இரண்டு அடுக்காகச் செய்த ஸ்பாஞ்சு இதற்குச் சமாதானமாக வந்தது. இன்னும் சிலர் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி வெட்டித் தங்கள் பாரத்துக்கேற்பச் செதுக்குகிறார்கள். இவ்வளவு மகிமை இருந்தும் ஸ்பாஞ்சைப் பற்றிப் பெருமை பேசுவோரைக் காண்பது அரிது. பித்தளை மின்னும், மேஜைமேல் வைத்து நண்பர்களுக்குக் காட்டலாம். ஸ்பாஞ்சோ டயருக்குள் போய்விட்டால் கட்டினவன் கண்ணுக்கும் தெரியாது.

முன் சக்கரங்களைப் பின் சக்கரங்களைவிடச் சற்று விரைவாகச் சுழலச் செய்யும் ஓவர்டிரைவ் வாதத்தை விரிப்பின் பெருகும். முன்னே இழுப்பு மிகுந்து லாரி நேராக நிற்கும், திருப்பமும் குறுகும் என்பது பூர்வபக்ஷம். நன்கு பிடிக்கும் பாறையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பல்சக்கரங்களைத் தேய்க்கும் என்பது ஆக்ஷேபம். சிறிது இருக்கலாம், மிகலாகாது என்பதோடு விடுகிறோம்.

பித்தளை வாதத்தினின்று பிறக்கும் ஒரு தோஷத்தை மட்டும் சொல்லாமல் விடலாகாது. முன் சக்கரத்தில் பித்தளை ஏறியதும் அதைத் திருப்பும் சர்வோவுக்குப் பலம் போதாது; எனவே 25 கிலோ-சென்டிமீட்டர் பலமுள்ள சர்வோ வாங்கவேண்டும். லாரியின் மொத்த நிறை ஏறத்தாழ மூன்று கிலோவே. அதன் சக்கரத்தைத் திருப்பும் பெட்டியோ ஒரு சென்டிமீட்டர் கையால் 25 கிலோவைத் தூக்கும்! அந்தச் சர்வோ இரு கற்களுக்கிடையே சிக்கித் திணறும்போது மின்சாரத்தை வாரி இழுப்பதால், ரேடியோ அலையை வாங்கும் ரிசீவருக்கு மின்னழுத்தம் குறைந்து லாரி ஒரு கணம் பிரக்ஞையற்றுப் போகும். அதைத் தீர்க்கத் தனியே ஒரு மின்னழுத்தச் சீராக்கி வேண்டும். இரண்டையும் போஷிக்க 7.4 வோல்ட் பேட்டரி பற்றாது என்று 11.1 வோல்ட் பேட்டரி வரும். அது கனமானது, சட்டத்தின்மேல் உயரத்தில் உட்காரும், பாரமையம் மேலே ஏறும். அதைக் கீழே இறக்க மறுபடியும் பித்தளை. தர்க்க நூலார் சக்ரக தோஷம் என்று கூறும் குற்றத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

வேறொரு மதத்தாராகிய சாயல் வாதிகளுக்கு இக்கணக்கெல்லாம் ஒரு பொருட்டல்ல. மெல்லிய பாலிகார்பனேட் கூட்டுக்கு உட்புறமாக வர்ணம் பூசி நிறையைக் குறைக்கலாம் என்று தெரிந்திருந்தும், கனத்த பிளாஸ்டிக் கூட்டையே மாட்டி, கூரையின்மேல் சாமான் கூடை வைத்து, அதில் பெட்ரோல் இல்லாத பெட்ரோல் டப்பாவையும், எதையும் தோண்டாத மண்வெட்டியையும் கட்டி, ஓட்டுநர் ஆசனத்தில் ஒரு பொம்மையையும் அமர்த்துகிறார்கள். கீழே பித்தளையால் சம்பாதித்த பாகைகளைக் கூரையில் தானம் செய்துவிடுகிறார்கள். லாரி மல்லாந்து விழும்போது மண்வெட்டி மட்டும் அசல்போலவே தெறித்துத் தனியே விழும். அதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

செலுத்தும் கலையில் முக்கியமானது, விசையை விட்டதும் லாரி இருந்த இடத்திலேயே நிற்பது. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அக்கணமே மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிட, மோட்டார் தானே ஜெனரேட்டராக மாறித் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கிறது. ஆயினும் பிரஷ் மோட்டாரில் இது பூரணமான தடையல்ல. செங்குத்தில் நிறுத்தினால் லாரி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நழுவிக்கொண்டே இருக்கும். அந்நழுவலை எதிர்பார்த்து விரல் நுனியால் இம்மியளவு விசை கொடுத்து லாரியை நிற்கவைப்பவனையே இத்துறையில் கைதேர்ந்தவன் என்பார்கள்.

பந்தயங்களும் உண்டு. பாறைகளுக்கிடையே இரண்டிரண்டு அடையாளங்களை நட்டு வாயில்கள் அமைக்கிறார்கள். அவற்றின் வழியே வரிசைப்படி போக வேண்டும். பின்வாங்கினால் குற்றப்புள்ளி, வாயிலைத் தொட்டால் அதனினும் பெரிய குற்றப்புள்ளி, குறைந்த புள்ளி பெற்றவனே வென்றவன். முதலில் வந்தவனுக்குப் பரிசு இல்லை என்பது இச்சாஸ்திரத்தின் லட்சியத்துக்கு முற்றும் இசைந்ததே. ஆனால் மந்தகதியையே பரம புருஷார்த்தமாகக் கொண்ட இச்சபையிலும் நடுவர் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. குறித்த நிமிஷத்துக்குள் முடிக்காதவன், எவ்வளவு அழகாக ஏறிக்கொண்டிருந்தாலும், நின்ற இடத்திலேயே நிறுத்தப்படுவான். இவ்விதி சாஸ்திர விரோதமானது என்பது நம் துணிபு. இதை நீக்கும்படி உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுத உத்தேசித்திருக்கிறோம், அவசரமில்லை.