புள்ளிக்கு அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: பொறுப்பதிகாரி அவர்கள், கணினிப் பிரிவு, ஒரு திணைக்களம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

தங்கள் நிகழ்நிலைப் படிவத்தில் என் பெயரைத் தமிழில் இட்டேன். “விசேட குறியீடுகளைத் தவிர்க்கவும்” என்றது. பெயரில் இருந்த ஒரே விசேடம், புள்ளி.

யூனிகோட்டில் ‘ப்’ என்பது பகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். பகரம் எழுத்து, புள்ளியும் காலும் கொம்பும் இணைகுறிகள். எழுத்தை மட்டும் விடச் சொல்லித் தாங்கள் வாசலில் நிறுத்திய நிரல், எங்கள் பெயர்களைக் காலை வெட்டிவிட்டு வரச் சொல்கிறது.

ஏடெழுதியவர்களும் புள்ளியை விட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுமென்ற பயம். அத்தகைய ஏடுகளோடு மல்லாடித்தான் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். தங்கள் கணினியில் எந்த ஓலை கிழிகிறது?

படிவத்தின் ஊர்ப் பெட்டி தாராளமானது. எதையும் ஏற்கும், 30 பைட் வரை. ஆங்கிலத்தில் யாழ்ப்பாணத்துக்கு 6 பைட் போதும். தமிழிலும் 6 எழுத்துத்தான். ஆனால் 11 குறி, யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 வீதம் 33 பைட். ஆகவே நாங்கள் ‘யாழ்ப்பாணம’வாசிகள். சாவகச்சேரியார் சரியாக 30இல் தப்பினார்கள். பருத்தித்துறையார் துறையைப் பறிகொடுத்து ‘பருத்தித்த’வில் நிற்கிறார்கள். பற்றுச்சீட்டிலோ ஊரே கேள்விக்குறிகள். தொகை மட்டும் துல்லியம்.

“பாமினியில அடிச்சுப் பாருங்கோ” என்றார் கரும பீடத்து எழுதுவினைஞர். பாமினி எழுத்துரு கண்ணுக்குத் தமிழ். கணினிக்குள் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. முதல் நான்கையும் படிவம் மகிழ்ந்து ஏற்றது. அரைப்புள்ளி விசேட குறியீடாம். எந்த வேடத்தில் வந்தாலும் புள்ளியை அடையாளம் காணும் தங்கள் விழிப்பை மெச்சுகிறேன்.

தமிழ் 1991 முதல் யூனிகோட்டில் இருக்கிறது. 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று நாட்டின் தரநிலையும் ஆயிற்று. ஆகவே புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. எழுத்தோடு இணைகுறியையும் உள்ளே விடுங்கள். நீளத்தை பைட்டால் அல்ல, எழுத்தால் அளவிடுங்கள். படிவம், தரவுத்தளம், அச்சுப்பொறி மூன்றிலும் யூடிஎஃப்-8ஐயே வைத்திருங்கள்.

அதுவரை தங்கள் விதிப்படியே கையொப்பமிடுகிறேன்.

இங்ஙனம்,
பணவளள வணணபபதரர,
யழபபணம.

இணைப்பு (தனி உறையில்): புள்ளி 7, கால் 3, ஏனையவை 3.