கைராசி

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படியொரு கைராசி. ஆடியில் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு போனவள் ஐப்பசியில் கை முறிந்து அதே கேஷுவால்டிக்கு வருகிறாள். தையில் காது கிழிந்து வருகிறாள். தையலோ அத்தனை நேர்த்தி! ஆறியபின் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிகிச்சையைவிடப் பெரிது அங்குள்ள பெருந்தன்மை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்று பக்கத்தில் நிற்கும் கணவர் சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது. விழுந்தவளின் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருப்பதை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பார்த்தாலும் ஒரு வார்த்தை கேட்டு அவரைச் சங்கடப்படுத்தமாட்டார்கள். கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லும் மரியாதைக்குறைவும் இல்லை. டிடி ஊசி, வலி மாத்திரை, விபத்துப் பதிவேட்டில் 'தானாக விழுந்தது' என்று ஒரு வரி. சற்று நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பஸ் ஏறிவிடலாம்.

இப்படி வருகிறவளிடம் தனியாகப் பேசு, குறுக்கிடாமல் காதுகொடு, வீடு திரும்பினால் ஆபத்துண்டா என்று விசாரி என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொல்லிவைத்தது. மும்பை பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'திலாசா' என்றொரு மையமே நடக்கிறது. விஷம் குடித்தும் அடிபட்டும் வரும் பெண்களைச் செவிலியர்களே அங்கே ஆலோசகரிடம் அனுப்பிவைக்கிறார்கள். பாவம், கேட்டு வினையைத் தேடிக்கொள்கிறார்கள். கேளாத எங்கள் ஊர்ப் பதிவேடு எவ்வளவு சுத்தம்! தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எங்கள் ஊரில் குளியலறைகள்தான் வழுக்குகின்றன.

சட்டத்தின் மேலும் அளவில்லாத பக்தி. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்று 2013-இல் சட்டமானது. அதையும் மிஞ்சிய ஒழுங்கு இங்கே. "போலீஸ் மெமோ வரட்டும்" என்று அப்படி வந்த பிள்ளையை பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரம் மருந்துக்குத்தான், மெமோவுக்கு ஏது?

181 என்ற மகளிர் உதவி எண்ணையும் மறக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். கேஷுவால்டி வாசலில், கணவர்கள் காத்து நிற்கும் இடத்தில். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தால், தனியாகப் போனவள் யாருக்கும் தெரியாமல் படித்துத் தொலைத்திருப்பாள்.