செவ்வாய்க்கிழமை அச்சடிக்காது

ஏலே தம்பி, என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? பக் ரிப்போர்ட் போட்டியாம். ராத்திரி போட்டது, விடிஞ்சும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கலையாம். எங்கே, எழுதினதைக் காட்டு. ‘எதுவுமே வேலை செய்யல! சுத்த வேஸ்ட்! உடனே சரி பண்ணுங்க!’ அடேங்கப்பா. எது வேலை செய்யல? எந்த வெர்ஷன்? என்ன செய்யும்போது நின்னுச்சு? திரையில என்ன வந்துச்சு? ஒண்ணும் இல்ல. ஆச்சரியக்குறி மட்டும் மூணு.

யாரை அதட்டுதேன்னு தெரியுமாலே? பகல்ல எங்கயோ சம்பளத்துக்கு உழைச்சிட்டு, ராத்திரி பிள்ளை தூங்கின பொறவு உக்காந்து, ஊரான் போட்ட புகாரையெல்லாம் தரம் பிரிச்சு அடுக்குதானே, அவனை. ட்ரையேஜ்னு அந்த வேலைக்குப் பேரு. கூலி? சல்லிக்காசு கிடையாது. நீ அந்த மென்பொருளுக்கு எம்புட்டுக் குடுத்தே? அதுவும் அம்புட்டுத்தான்.

‘தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே’ன்னு நம்ம பெரியவுக சொன்னாவ. அதையே பிடிச்சுக்கிட்டு சில ட்ரையேஜ் மகாராசா தொங்குதான். ஓசியில வாங்கினவனுக்கு வாய் எதுக்குங்கான். பல்லைப் பாக்காதேன்னுதாம்லே சொன்னாவ. உதைச்சா சொல்லாதேன்னு யாரு சொன்னது?

அவன்கிட்ட முத்திரை நிறைய இருக்கு. மொசில்லாக்காரன் 1998-ல பக்ஸில்லான்னு ஒரு புகார்ப் பேரேட்டை ஊருக்குத் திறந்துவிட்டான். அதுல ‘வொர்க்ஸ்ஃபார்மீ’ன்னு ஒரு முத்திரை உண்டு. எங்கிட்ட நல்லா ஓடுதே, போயிட்டு வாங்கான். உன்கிட்ட ஓடுனா ராசா, எனக்கு என்ன லாபம்? ‘வோன்ட்ஃபிக்ஸ்’னு இன்னொண்ணு. செய்ய முடியாது போடா, அம்புட்டுத்தான். இதாவது மனுசன் குத்தினது. இப்ப ‘பாட்’னு தானா ஓடுத நிரல் ஒண்ணு வச்சிருக்கான். வழக்கமா 60 நாள் யாரும் வாய் திறக்கலைன்னா ‘ஸ்டேல்’னு சீட்டு ஒட்டும். இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டுக் கதவைச் சாத்திரும். ஓட்டை அங்கனயேதான் இருக்கும். நெட்ஸ்கேப் காலத்து ஆளு ஜேமி ஜவின்ஸ்கி 2003-லயே க்னோம்ங்கிற மென்பொருள்காரங்களைப் பாத்துத் திட்டினாரு. புகாரைப் படிக்கவும் மாட்டேங்கான், எல்லாத்தையும் புதுசா எழுதிட்டு, ‘பழைய வெர்ஷன்ல உள்ளது’ன்னு சொல்லிக் கணக்கை முடிக்கான்னு. சொன்னதுல என்ன தப்பு?

சரி, சத்தம் போட்டா நடக்குமா? நிரலை வைக்கிற கிட்ஹப் தளத்துல முன்னே எனக்கும் இந்தக் குறை உண்டுன்னு சொல்ல ‘+1’னு எழுதிட்டுப் போவானுவ. நூறு பேரு வந்து நூறு ‘+1’. நடுவுல எவனோ ஒருத்தன் எழுதின நல்ல துப்பு அதுல புதைஞ்சு போகும். பராமரிக்கிறவுக பொறுத்துப் பாத்து, 2016 ஜனவரியில கிட்ஹப்புக்கே திறந்த மடல் எழுதினாவ. மார்ச்ல கட்டைவிரல் பொம்மை வந்துச்சு. இப்ப கூட்டம் சத்தமில்லாம விரலைக் காட்டிட்டுப் போவுது.

எது நடக்கும்னு கேக்கியா? கேளு. 2009 வாக்குல, உபுண்டுங்கிற இயங்குதளம் வச்சிருந்த ஒருத்தரு வீட்டுல நடந்தது. வீட்டுக்காரி சொல்லுதா, ஓப்பன்ஆபீஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிண்ட் எடுக்காதுன்னு. நம்ம ஊர்னா என்ன சொல்லுவான்? செவ்வாயில நல்ல காரியம் எதுக்கு, புதன்கிழமை எடுத்துக்கோன்னுட்டுப் போயிருவான். அந்தம்மா விடல. செவ்வாயன்னிக்கு உக்காந்து செஞ்சே காட்டிட்டா. மெய்தான், வரல. மத்த மென்பொருள்ல இருந்து வருது, இதுல வரல.

தோண்டினாவ. பிரிண்டருக்குப் போற ஃபைல்ல மேலாக்க தேதி இருக்கும், கிழமையோட. வந்த ஃபைல் எந்த ஜாதின்னு பாத்துச் சொல்ல ‘ஃபைல்’னே பேரு வச்ச குட்டி நிரல் ஒண்ணு உண்டு. எர்லாங்குன்னு ஒரு கணினி மொழி. அதோட ஃபைலை அடையாளம் காட்டுத விதியை எவனோ பிசகி எழுதிட்டான். ஒரு குறிப்பிட்ட இடத்துல செவ்வாயோட இங்கிலீஷ் எழுத்து மூணு வந்தாப் போதும், இது எர்லாங்குன்னு தீர்ப்புச் சொல்லிரும். அப்பொறம் பிரிண்டர் எப்படி அச்சடிக்கும்? ஆறு நாளும் நல்லபிள்ளை, ஏழாம் நாளு சண்டி. அந்தம்மா ‘சில நாள் வரல’ன்னு மொட்டையாச் சொல்லியிருந்தா, எந்த மேதாவி கண்டுபிடிச்சிருப்பான்?

அற்பமா ஒண்ணு கண்ணுல பட்டா வெக்கப்படாதேலே. 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒரு ஆளுக்கு, எஸ்எஸ்ஹெச் வழியா இன்னொரு கணினிக்குள்ள போக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலா ஆவுதேன்னு உறுத்துச்சு. அரை விநாடி! நீயும் நானும்னா கொட்டாவி விட்டுட்டுப் போயிருப்போம். அவரு நோண்டினாரு. எக்ஸ்இஸட்ங்கிற சுருக்குநிரலுக்குள்ள எவனோ கள்ளக்கதவு வச்சிருந்தான். கதவு வச்சவன் உள்ளே வந்த கதையைக் கேட்டியா? அந்த நிரலை பின்லாந்துக்காரர் ஒருத்தர்தான் ஒத்தையாப் பாத்துக்கிட்டிருந்தாரு. 2022-ல பேரு ஊரு தெரியாத ஆளுவ வந்து, ‘ஏன் இம்புட்டு மெதுவா? வேற ஆளை விடு’ன்னு நச்சரிச்சானுவ. கூலியில்லாப் பொழுதுபோக்கு வேலைய்யா இதுன்னு சொல்லிப் பாத்தாரு மனுசன். கடைசியில உதவிக்கு வந்தவன் கையில சாவி போச்சு. நச்சரிப்புக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு, பாத்துக்கோ.

இப்ப புதுசா ஒரு கூத்து. ஓட்டையே இல்லாத இடத்துல ஏஐகிட்டச் சொல்லி ஓட்டை இருக்குன்னு பக்கம் பக்கமா எழுதி வாங்கி, பரிசுப் பணத்துக்கு வந்து நிக்கானுவ. கர்ல் நிரலைப் பாத்துக்கிடுத ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் படிச்சுப் படிச்சு ஓஞ்சு, 2026 ஜனவரியோட அந்தப் பரிசையே நிப்பாட்டிட்டாரு. தமிழ் எழுத உனக்கு ஏஐ வேண்டாம்னுதான் நினைக்கேன். உன் புகாருக்கும் வேண்டாம்.

அவசரப்படாதே. உபுண்டுவோட முதல் பக்கை எழுதினவரு யாரு? அதைத் தொடங்கின மார்க் ஷட்டில்வொர்த்தேதான். 2004 ஆகஸ்ட்ல. சந்தையில பெரும்பங்கு மைக்ரோசாப்ட் கையில இருக்குங்கிறது புகார். 2013 மே மாசம்தான் மூடினாரு. மொதலாளி எழுதினதுக்கே ஒன்பது வருசத்துக்குக் கிட்ட ஆச்சு. நீ நேத்து ராத்திரி எழுதினவன்.

போ, போயி அந்த வெர்ஷன் நம்பரைப் பாத்து எழுது. அப்படியே அந்த ஆச்சரியக்குறியில ரெண்டை எடுத்துரு. ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும், நீயும் பாவம்.