பத்து மணி நேரத்துக்குப் பதினாலு இடமாம்!

டேய் தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் குடு பாப்போம். மெல்போர்ன் போற வழியில சிங்கப்பூர்ல பத்து மணி நேரம் நிக்கப்போற. அதுக்குப் பதினாலு இடம் எழுதி வச்சிருக்க. மெர்லயன், மெரினா பே, செந்தோசா, நைட் சஃபாரி… ஏண்டா, காலையில ஏழு மணிக்கு இறங்கி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏறுறவனுக்கு நைட் சஃபாரி எதுக்கு? புலியைப் பகல்லயே எழுப்பிவிடச் சொல்லி மனு குடுக்கப்போறியா?

இஞ்சினியரிங் படிச்ச புள்ள, கணக்கு வரும்னு ஒங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான். சரி, நீயே போடு. இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் வரிசையில நின்னு வெளிய வர ஒரு மணி நேரம். ஊருக்குள்ள ரயில் ஒரு மணி நேரம். திரும்பி வர இன்னொண்ணு. வண்டி ஏறுறதுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல நிக்கணும். மிச்சம் எவ்வளவு? நாலரை. நாலரையில பதினாலு! கல்யாணத்துல அருந்ததி பாத்த மாப்பிள்ளை மாதிரி, பட்டப்பகல்ல அண்ணாந்து பாத்துட்டு “தெரியுது, தெரியுது”ன்னு தலையாட்டிட்டு வந்துடுவ.

கைக்கடிகாரத்தை மொதல்ல மாத்துடா. அங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. நீ பாட்டுக்கு இப்பதான் பதினொண்ணரைன்னு பரோட்டாவப் பிச்சுக்கிட்டு இருப்ப, அங்க மணி ரெண்டு ஆயிருக்கும். அப்புறம் மெல்போர்னுக்கு மூட்டை மட்டும் போய்ச் சேரும்.

மூட்டைன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு பிளைட்டும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா? ஒரே டிக்கெட்டுன்னா நம்மூர்ல போட்ட பெட்டி நேரா மெல்போர்ன் போகுமான்னு இங்கயே கேட்டுக்க. தனித்தனின்னா அங்க எடுத்து, மறுபடி போடணும். ஒங்கம்மா கட்டிக் குடுக்கப்போற ஊறுகாய் டப்பாவச் சுமந்துகிட்டு மெரினா பேயில நிக்காத. காசு குடுத்து வச்சுட்டுப் போக ஏர்போர்ட்லயே இடம் இருக்கு.

விசாவா? ஆஸ்திரேலியா விசா கையில இருந்து, மேல போற டிக்கெட்டும் உறுதியா இருந்தா, நம்ம பாஸ்போர்ட்டுக்கு 96 மணி நேரம் வரைக்கும் சிங்கப்பூர் விசா இல்லாமலே உள்ள விடுவான். ஆனா விடுறதும் விடாததும் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவர் இஷ்டம், அங்க போயி வாய் பேசாத. வருகை அட்டைன்னு ஒண்ணு இருக்கு, போறதுக்கு மூணு நாளைக்குள்ள போன்லயே நிரப்பிடலாம். அதுக்குக் காசு கிடையாது. எவனாவது காசு கேட்டா அவன் வேற எவனோ.

காசில்லாம இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. அஞ்சரை மணி நேரத்துக்கு மேல காத்திருக்கிறவனுக்கு ஏர்போர்ட்காரனே பஸ் வச்சு ரெண்டரை மணி நேரம் ஊரைச் சுத்திக் காட்டுறான். பேரை மட்டும் இமிக்ரேஷன் தாண்டுறதுக்கு முன்னாடியே குடுத்துடணும். சோம்பேறிக்கு அதுதான் லாயக்கு. ஒனக்கு ரொம்பவே பொருந்தும்.

இல்ல, நான் தனியாத்தான் போவேன்னு நிமிர்ந்து நின்னியானா, ஒரே எடம் போ. தேக்கா. நீங்க லிட்டில் இந்தியாங்கறீங்களே, அதுதான். நான் கட்டட வேலைக்குப் போயிருந்த காலத்துல ஞாயித்துக்கிழமையானா எங்க ஊர்ச்சனம் பூரா அங்கதான். சாங்கி ஏர்போர்ட்ல ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவுல இறங்கி ரயில் மாறினா, அந்த ரயிலே லிட்டில் இந்தியாவுல விட்டுடும். பேங்க் கார்டைத் தட்டினாலே கதவு தொறக்குது, சில்லறைக்கு அலைய வேண்டாம். ரயில்ல எதையும் தின்னுடாத, 500 வெள்ளி வரைக்கும் அபராதம். ஒன் வாய் சும்மா இருக்காதுன்னுதான் சொல்றேன். சூயிங்கம் பாக்கெட்டை இங்கயே குடுத்துட்டுப் போ, 1992லயே அதைத் தடுத்துட்டான்.

தேக்காவுல இறங்கினதும் மொதல்ல வீரமாகாளியம்மன். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையிலயே. அப்புறம் மார்க்கெட்டுக்குள்ள உக்காந்து தே தாரிக் ஒண்ணு. அவசரப்படாம குடி. பக்கத்து மேசைக்காரர் தமிழ்லயே “எந்த ஊரு?”ன்னு கேப்பாரு. நாகப்பட்டினமா, அறந்தாங்கியான்னு அவரு பேச்சுலயே கண்டுபிடி பாப்போம். அது ஒன் பதினாலு இடத்துலயும் கெடைக்காது.

மெர்லயன் பாக்கலியேன்னு மூஞ்சியத் தூக்காத. அது 70 டன் கனம், 8.6 மீட்டர் உயரம், 1972ல வச்சான். முன்னாடி பாலம் வந்து மறைச்சுடுச்சுன்னு 2002ல தூக்கி வேற எடத்துல வச்சான். அதுவே அதுக்கப்புறம் அசையல. நீ திரும்பி வர்றப்பவும் அங்கதான் தண்ணி துப்பிக்கிட்டு இருக்கும்.

ஏர்போர்ட்டுக்கு சீக்கிரமா வந்துட்டியானா அங்க ஜுவல்னு இருக்கிற கட்டடத்துக்குள்ள போய்ப் பாரு. 40 மீட்டர் ஒசரத்துலேருந்து கூரை வழியா அருவி கொட்டுது. கட்டடத்துக்குள்ள கொட்டுறதுல ஒலகத்துலயே அதுதான் ஒசரம். 2019ல தொறந்தது. குளிக்க முடியாத அருவியக் கட்டி வச்சிருக்கானேன்னு எனக்கு வயித்தெரிச்சல்தான். இமிக்ரேஷனுக்கு வெளிய இருக்கு, அதைப் பாத்துட்டுத்தான் உள்ள போகணும். உள்ள போனப்புறம் கடை கடையா மேஞ்சுக்கிட்டு நிக்காத. அங்க முக்காவாசி டெர்மினல்கள்ல பெல்ட்டக் கழட்டிச் சோதிக்கிறது கேட்டு வாசல்லதான். கடைசி நிமிஷத்துல ஓடிவந்து, ஒரு கையில பேண்ட்டும் ஒரு கையில பாஸ்போர்ட்டுமா நிக்கவேண்டி வரும்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. லீவுல திரும்பி வர்றப்ப கோடாலித் தைலம் அரை டஜன் வாங்கிட்டு வா. நாலை பெரியம்மாகிட்டக் குடு. ரெண்டை வைக்கப்போர்ப் பக்கமா வந்து எங்கையில குடு. முழங்கால் வலின்னு தெரிஞ்சா, டீக்கடைக்கு சைக்கிள் எடுக்கறத நிறுத்திப்புடுவா.