கடைசிப் பாட்டுல இருந்து ஆரம்பி, பேராண்டி

ஏலே பேராண்டி, லெட் செப்பலின் கோஷ்டியோட நாலாவது இசைத்தட்டு வாங்கியிருக்கியாம்லா. நல்ல காரியம். தட்டுக்கு முன்னால ஆம்ப்ளிஃபயர், அதுக்கு முன்னால ஸ்பீக்கர், ஸ்பீக்கரை நிப்பாட்ட ஸ்டாண்டு, ராத்திரிக்குன்னு தனியா ஹெட்போன். ஒவ்வொண்ணா வாங்கிச் சேத்து, கடைசியில பாட்டு கேக்கத்தான் ஒனக்கு நேரமில்லையாம், ஒங்க அம்மை சொல்லுதா. அதுவும் சரிதான். பாட்டு கேக்குறது வெட்டிப்பய வேலை. வயரு தடிமனைப் பத்தி நாலு பேருட்ட வாதாடுததுதான் ரசனை.

கேக்க நேரமில்லைன்னாலும் அட்டையையாவது பாரு. அதுல பாடுனவன் பேரும் கெடையாது, தட்டுக்கும் பேரு கெடையாது. 1971 நவம்பர்ல வெளிவந்தப்போ கம்பெனிக்காரங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. பேரில்லாத சரக்கை எவன் வாங்குவான்? மூணாவது தட்டைப் பத்திரிகைக்காரங்க கிழிச்சுத் தொங்கப்போட்ட எரிச்சல்ல, கோஷ்டியில கிட்டார் வாசிக்கிற ஜிம்மி பேஜ் பேரே வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நின்னுட்டாரு. பேருக்குப் பதிலா ஆளுக்கொரு சின்னம். அமெரிக்காவுல மட்டும் ரெண்டு கோடிக்கு மேல வித்துது.

அட்டையில யாரு இருக்கான்னு பாத்தியா? முதுகுல குச்சிக்கட்டைச் சுமந்துக்கிட்டு, கம்பை ஊனி, குனிஞ்சு நிக்கிற ஒரு கெழவன். அம்பது வருசத்துக்கு மேல அவரு யாரு எவருன்னு ஒருத்தனும் சொல்லல. 2023-லதான் ஒரு ஆராய்ச்சிக்காரர் பழைய போட்டோ ஆல்பத்துல அந்தப் படத்தையே கண்டுபுடிச்சாரு. வில்ட்ஷயர்ப் பக்கம் மியர்ங்குத ஊருல கூரை மேஞ்ச லாட் லாங்னு சொல்லுதாங்க. படம் 1892-ல எடுத்தது, மறுவருசம் ஆளு போயிட்டாரு. அட்டையை விரிச்சா உள்ளயும் ஒரு கெழவன், மலை உச்சியில லாந்தரைப் புடிச்சுக்கிட்டு. இருவது சொச்ச வயசுப் பயலுவ நாலு பேரு சேந்து தட்டு போட்டாலும், அட்டைக்குக் கெழவன்தான் வேண்டியிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, அட்டைதான் சொல்லுது.

கேக்கத் துணிஞ்சிட்டேன்னா மொதல்ல என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியும். நேரா 'ஸ்டேர்வே டு ஹெவன்'ல ஊசியை வைப்பே. எட்டு நிமிசப் பாட்டு. நாலு நிமிசம் தாண்டித்தான் ஜான் பான்ஹாம் டிரம்ஸையே தொடுதான். அதுக்குள்ள நீ போனை எடுத்து யாரு என்ன அனுப்பியிருக்கான்னு பாத்து, பதிலும் போட்டிருப்பே. கிட்டார் தனி ஆவர்த்தனம் வாரப்போ மட்டும் கண்ணை மூடி, இல்லாத கிட்டாரை வயித்து மேல வச்சு மீட்டுவே. மீட்டு, யாரு வேண்டாம்னா. ஆனா அந்தத் தட்டுல இன்னொரு மாடிப்படி இருக்கு. அது சொர்க்கத்துக்குப் போகல, மாடி ரூமுக்குத்தான் போச்சு. எனக்கு அதுதான் ஒசத்தி.

இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர்ல ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பழைய வீடு. 1795-ல கட்டுனது. ஏழைபாழைகளை அடைச்சுப்போட்டு, வேலை வாங்கிக் கஞ்சி ஊத்துன எடம். குளிருக்குள்ள இவனுவ நாலு பேரும் அங்கன போயித் தங்குனானுவ. வாசல்ல ரோலிங் ஸ்டோன்ஸோட ஒலிப்பதிவு வண்டி நிக்கி. பான்ஹாமோட டிரம்ஸைப் படிக்கட்டுக்குக் கீழ கூடத்துல போட்டு, ஒலிப்பதிவு செஞ்ச ஆண்டி ஜான்ஸ் ரெண்டே ரெண்டு மைக்கை மாடியில இருந்து தொங்க விட்டாரு. டிரம்ஸுக்குப் பக்கத்துல ஒத்த மைக்கு கெடையாது. அடி சுவத்துல மோதி, படியேறி மேல போயித்தான் மைக்கைத் தொடுது. அதோட ஒரு எதிரொலிப் பெட்டி. பெறவு டேப்போட வேகத்தையும் கொறைச்சானுவ. ஒவ்வொரு அடியும் ஈர மண்ணை மம்பட்டியில வெட்டிப் போடுத மாதிரி விழும். ஒன் வயரு தடிமன் சங்கதி எதுவும் அவங்களுக்குத் தோணல, பாவம்.

அதுதான் 'வென் த லெவீ பிரேக்ஸ்'. தட்டுல கடைசிப் பாட்டு, ஏழு நிமிசம். நீ அதுல இருந்து ஆரம்பி. ராபர்ட் பிளான்ட் வாயைத் தெறந்து பாட ஒரு நிமிசத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் மவுத்தார்கன் ஊளையிடும். பான்ஹாம் போட்ட தாளத்தையே போட்டுக்கிட்டு இருப்பான். இவ்வளவுதானான்னு கேப்பே. அவ்வளவுதான். அந்த 'இவ்வளவுதானா'வைத்தான் 1986-ல பீஸ்டி பாய்ஸ் வெட்டி எடுத்து, தங்க மொத ஆல்பத்தையே அதுல தொடங்குனானுவ.

லெவீன்னா ஆத்துக் கரை. சரி, ஒடைஞ்ச கரை யாரு கரை? 1927-ல மிசிசிப்பி ஆறு கரையை ஒடைச்சுது. எழுவதாயிரம் சதுர கிலோமீட்டர் தண்ணிக்குள்ள போச்சு. ஆறு லட்சத்துக்கு மேல சனம் வீடு வாசலை விட்டு வெளியேறிச்சு. கிரீன்வில் ஊருல கறுப்பு சனங்களைத் துப்பாக்கியைக் காட்டி மண்மூட்டை சுமக்க வச்சானுவ. கரை மேலயே கூடாரத்துல கெடந்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு, 1929-ல, மெம்பிஸ் மின்னியும் அவ புருசன் கேன்சஸ் ஜோ மக்காயும் அந்த வெள்ளத்தைப் பாட்டாக்கித் தட்டுல ஏத்துனாங்க. பாடுனது ஜோ. கிட்டார்ல வித்தை காட்டுனது மின்னி. கிட்டார்னா ஆம்பளை சமாச்சாரம்னு நீ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, ஒனக்காகத்தான் இதைச் சொல்லுதேன்.

செப்பலின் பயலுவ பாட்டு எழுதுனவங்க வரிசையில தங்க நாலு பேரைப் போட்டு, அஞ்சாவதா மின்னி பேரையும் போட்டானுவ. போட்டதே பெருசு. ரெண்டாவது தட்டுல 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்கு மூல வரிகளை எழுதுன வில்லி டிக்சன் பேரு ஞாபகம் வராமப் போயி, 1985-ல அவரு கோர்ட்டுக்குப் போயி ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு. இந்தத் தடவை ஞாபகம் இருந்துது. பாடுன ஜோ பேரு மட்டும் எப்படியோ நழுவிட்டு. அவரு 1950-லயே போய்ச் சேந்துட்டாரு, கேக்க வரமாட்டாருல்லா. மின்னி 1973 வரைக்கும் இருந்தா, பக்கவாதத்துல. அவ கல்லறைக்கு ஒரு கல்லு நட 1996 ஆச்சு. பானி ரெய்ட்னு ஒரு பாடகி பணம் குடுத்து நட்டா. ஒன் ஸ்பீக்கர் ஸ்டாண்டு என்ன வெலைன்னு நான் கேக்கல.

மத்த பாட்டுவளையும் விட்டுராதே. 'பிளாக் டாக்'குக்குத் தொடையில தாளம் போட்டுப் பாரு, ரெண்டாவது சுத்துலயே கை தடுமாறும். அதுல நாயைத் தேடாதே. ஹெட்லி கிரேஞ்சைச் சுத்தி வந்த ஒரு கறுப்பு நாய் பேரை வச்சானுவ, அம்புட்டுதான். 'பேட்டில் ஆஃப் எவர்மோர்'ல சாண்டி டென்னி பிளான்ட் கூடச் சேந்து பாடுதா. கேளு, நல்லாருக்கும்.

எல்லாம் முடிஞ்ச பெறவு 1929 பாட்டைத் தேடி எடு. அதுக்கு ஸ்டாண்டும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம், போனே போதும். மூணு நிமிசந்தான். ரெண்டு கிட்டார், ஒரு கொரலு, டிரம்ஸே கெடையாது. வெள்ளப் பாட்டுன்னு அழத் தயாரா உக்காந்தேன்னா ஏமாந்துபோவே, காலு தானா ஆடும். மின்னி வெரலு எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் கவனி. அதைக் கேட்டுட்டும் ரெண்டும் ஒரே மெட்டுன்னு எங்கிட்ட வந்து சொன்னியானா, அந்த ஹெட்போனை வித்து ஒங்க அம்மைக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுத்துரு.